உறைந்த பையில் சோபான்

குந்தா சாளுங்கேயின் இரண்டு கைகளும் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் இருந்தன. விரல்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பை. அதற்குள் கஞ்சியை உறைய வைத்தது போல ஒரு வெண்கட்டி. அதை அழுத்தக் கூடாது, குலுக்கவும் கூடாது. வயிற்றுவலிக் குழந்தையைத் தடவிக் கொடுப்பது போல லேசாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரமெல்லாம் நீர்விட்டு, நடுவில் மட்டும் புளியங்கொட்டை அளவு கட்டி மிஞ்சும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். முழுக்க உருகட்டும் என்று நின்றால், உறைபனியில் ரத்த அணுக்களைக் காத்த மருந்தே அவற்றுக்கு விஷமாகிவிடும்.

கட்டிலில் இருந்தவர் சாங்லியில் கணக்கு வாத்தியார்.

"பேரு சொல்லுங்க."

"காலையிலதானே கேட்டீங்க சிஸ்டர்."

"இப்பவும் கேக்கறேன். இன்னொருத்தரோடதை உங்களுக்கு ஏத்திட்டா, அப்புறம் நீங்க என்னைத் தேடிக்கிட்டு வருவீங்க."

"அரவிந்த் சதாசிவ் நிம்பாள்கர். போதுமா? ஜாதகம் வேணுமா?"

குந்தா பையின் மேல் இருந்த பெயரை உரக்க வாசித்தாள். எதிரே நின்ற இளம் நர்ஸ் அவர் மணிக்கட்டுப் பட்டையில் இருந்ததை உரக்க வாசித்தாள். இரண்டும் ஒன்று. சொட்டு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வாத்தியாரின் மூச்சிலிருந்து வேகவைத்த மக்காச்சோளமும் பூண்டும் கலந்தாற்போல ஒரு வாடை கிளம்பி அறையை நிறைத்தது. அணுக்களோடு போகிற மருந்தின் வாடை அது. மறுநாள் வரைக்கும் போகாது.

வார்டு உதவியாள் ஹௌசா கதவைத் திறந்து மூக்கைச் சுருக்கினாள். அவளை எல்லோரும் மௌஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவார்கள்.

"வந்துடுச்சு சோள வண்டி" என்றவள், குந்தாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அந்த சாஸ்வட் ஊர்க்காரி இன்னைக்கும் வந்து கீழ உக்காந்திருக்கா. டீ குடுத்தேன், வாங்கிக்கல. 'யாரைப் பாக்கணும்'னு கேட்டா, 'யாரையும் இல்ல'ங்கறா."

குந்தா சொட்டு இறங்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். சொல்லப்போனால், அவள் பார்க்க வந்திருப்பது ஆளையே அல்ல.

*

குந்தா, சாதாரா மாவட்டத்தில் மழை எட்டிப் பார்க்காத மான் தாலுகா பக்கத்திலிருந்து வந்தவள். நர்ஸ் படிப்பில் சேர்ந்ததற்கு அவள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: விடுதியில் மூன்று வேளையும் சாப்பாடு போட்டார்கள். புனேயில் இந்த மருத்துவமனையின் புற்றுநோய் வார்டுக்கு வந்த காலத்தில் வைத்தியம் என்றால் நோயோடு சேர்த்து ஆளையும் காய்ச்சி எடுப்பதுதான். வாந்தி வாளியைப் பிடித்துப் பிடித்தே அவள் வலது தோள் இறங்கிப்போயிற்று. இறந்தவர்களைத் துடைத்து, கட்டி, வண்டியில் ஏற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவாள். அவர்களில் ஒருவரும் அவள் கனவில் வந்ததில்லை.

புது வைத்தியம் வந்தபோது அவளைத்தான் பொறுப்பாகப் போட்டார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை மட்டும் மெஷினில் பிரித்து எடுப்பது, அதைத் தொழிற்சாலைக்கு அனுப்புவது, அங்கே அவை நோயை அடையாளம் காணப் பழக்கப்பட்டு, பெருகி, உறைந்து திரும்பி வந்ததும் நைட்ரஜன் தொட்டியில் வைத்துக் காப்பது, நாள் பார்த்து உருக்கி அதே ஆளுக்கு ஏற்றுவது. எல்லாம் அவள் கை வழியாகத்தான் நடந்தது. எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று கைவிரித்தவர்களில் பலர் தங்கள் காலால் நடந்துவந்து அவளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சோபான் வாக்சவ்ரேக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்று. சாஸ்வட் டெப்போவில் அரசு பஸ் டிரைவர். இரண்டு முறை மருந்து கொடுத்தும் கட்டி திரும்பி வந்திருந்தது. மெஷினில் படுத்திருந்தபோது, "என் ரத்தத்தை எடுத்து எனக்கே குடுக்கறதுல என்ன வைத்தியம் இருக்கு?" என்று கேட்டான்.

"உங்க உடம்புல செக்கருங்க ஏகப்பட்ட பேரு இருக்காங்க. டிக்கெட் எடுக்காதவன் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். நம்ம ஆளுன்னு நினைச்சு விட்டுட்டுப் போயிடறாங்க. நாங்க அந்த செக்கருங்களைக் கூட்டிட்டுப் போய், கண்ணாடி மாட்டி, ஆளை அடையாளம் காட்டித் திருப்பி அனுப்பறோம்."

"செக்கரை நம்பியா என் உயிரு இருக்கு? அப்ப நான் செத்தேன்" என்றான் சோபான். பக்கத்தில் இருந்த அவன் பெண்டாட்டி உஜ்வலா சிரித்தபடியே அவன் காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அணுக்கள் தொழிற்சாலைக்குப் போயின. இந்த வைத்தியத்தில் கொடுமையான பகுதி இந்தக் காத்திருப்பு. அணுக்கள் வளரும், அதே நாட்களில் நோயும் வளரும். சோபானுக்கு வீட்டில் காய்ச்சல் கண்டு, பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, தீவிர சிகிச்சை அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. திரும்பவும் அது திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புனேக்குத் தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் பை வந்தது. தொழிற்சாலைச் சீட்டைப் பார்த்ததும் குந்தாவுக்கு வாயெல்லாம் பல். அத்தனை நல்ல அணுக்களை அவள் பார்த்தது குறைவு. பையைத் தொட்டியில் இறக்கிய கையோடு போனை எடுத்தாள். முதலில் ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். இதை அவளே எத்தனையோ இளம் நர்ஸுகளுக்குச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவளே கேட்கவில்லை.

"உஜ்வலா, சந்தோஷ சமாசாரம். சோபானோட செல்லெல்லாம் வந்துடுச்சு. அருமையா இருக்கு."

"உயிரோடயா இருக்கு?" என்று கேட்டது அந்தப் பக்கக் குரல்.

"உயிரோடதான். இங்க என்கிட்ட பத்திரமா இருக்கு."

அப்போது யாரோ போனைப் பிடுங்கினார்கள். சோபானின் அண்ணன் ஞானோபா. "யாருங்க நீங்க? மத்தியானம்தான் எரிச்சுட்டு வந்தோம்" என்றான்.

*

அதற்குப் பிறகு குந்தாவுக்குத் தொட்டி அறை பழைய அறையாக இல்லை. பக்கத்துக் குளிர்பெட்டிகளின் உறுமல் எப்போதும் உள்ளதுதான். இப்போது அது, எஞ்சினைப் போட்டுவிட்டுக் கிளப்பாமல் நிறுத்தி வைத்திருக்கும் பஸ்ஸைப் போலக் கேட்டது. தொட்டி மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புகை தரையோடு வழியும். வேறு யாருடைய பையை எடுக்கப் போனாலும், அடியில் இரண்டாம் தட்டில் அந்தப் பெயர் கண்ணில் படும். ஒருநாள் தன்னையறியாமல், "இரு, இரு" என்று அந்தத் தட்டைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகு யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் அவள் கணவர் விலாஸ் கடையிலிருந்து வேகவைத்த சோளக்கதிர் வாங்கி வந்து கடித்துக்கொண்டிருந்தார். குந்தா தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

"உப்புதானே போட்டிருக்கு, ஏன் ஓடறே?" என்று அவர் சத்தம் போட்டார். அந்த வாடை சமையலறையில், குழாயடியில், சில சமயம் பஸ்ஸில் கூட வந்தது. மூக்கில் கோளாறு என்று காது மூக்கு டாக்டரிடமும் காட்டினாள். அவர் ஒன்றும் இல்லை என்றுவிட்டார்.

இப்போது வாத்தியாருக்குச் சொட்டு முடிந்து, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, குந்தா கீழே இறங்கினாள். உஜ்வலா மருந்துக் கடை எதிரே உள்ள பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"நேத்து சாயங்காலமும் வந்தியாமே. மேல வந்திருக்கலாமில்ல?"

"வரணும்னுதான் வந்தேன் சிஸ்டர். படி ஏற முடியல."

குந்தா அவளை கேன்டீன் மூலைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அழுகிறவர்களிடம் கேள்வி கேட்டால் அழுகைதான் வரும் என்பது அவள் அனுபவம். கேட்காமல் இருந்தாள். உஜ்வலா தானாகவே ஆரம்பித்தாள்.

"பத்தாம் நாளு கர்ஹா ஆத்தங்கரையில பிண்டம் வெச்சோம். காக்கா தொடல. காக்கா இல்லாம இல்ல சிஸ்டர், மரமெல்லாம் காக்காதான். பக்கத்துல வேற வீட்டுக் கிழவிக்கு வெச்சாங்க, வெச்ச உடனே கொத்திட்டுப் போச்சு. இங்க வந்து உக்காரும், பாக்கும், தள்ளிப் போயிடும்."

"ம்."

"மனசுல ஏதோ கொறை இருக்குன்னு ஆளாளுக்கு வாக்குக் குடுத்தாங்க. பொண்ணைப் படிக்க வெக்கறோம்னு அவரோட அண்ணன் சொன்னாரு. டெப்போக்காரங்க, 'உன் வண்டியை அந்த டிரைவர் லாண்டேகிட்ட குடுக்க விடமாட்டோம், எடுய்யா'ன்னாங்க. ஒருத்தன் புகையிலை வெச்சான். இன்னொருத்தன் யாருக்கும் தெரியாம ஒரு குவார்ட்டர் பாட்டில் வெச்சான்."

"அதுக்குமா வரல?"

"அதைக் கிழவி வீட்டு ஆளு எடுத்துக்கிட்டான்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. உஜ்வலாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"வெயில் ஏறினதும் தர்ப்பையில காக்கா பண்ணித் தொட வெச்சு முடிச்சாங்க. அப்பதான் நான் வாயை விட்டேன். அவரு இன்னும் முழுசாப் போகல, புனேல ஒரு பையில உயிரோட இருக்காருன்னு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. 'ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டு அவனைப் பாதி எடுத்துக் குடுத்தவ நீதானே'ன்னு அண்ணன் கேட்டாரு. மாமியார், 'பதிமூணாம் நாளுக்குள்ள போய் முடிச்சுட்டு வா, என் புள்ளையைத் தொங்கல்ல விடாதே'ன்னாங்க."

பதிமூன்றாம் நாள், நாளை மறுநாள்.

"உனக்கு என்ன வேணும்? அவங்க சொன்னதை விடு" என்றாள் குந்தா.

"தெரியல சிஸ்டர். ராத்திரியெல்லாம் அவரு குளிருதுன்னு சொல்ற மாதிரியே இருக்கு. போய் முடிச்சுடணும்னு கிளம்பறேன். இங்க வந்ததும், நானே கொல்ற மாதிரி இருக்கு. திரும்பிப் போயிடறேன்."

குந்தாவுக்கு இதில் ஆறுதல் சொல்லத் தெரியாது. உள்ளதைச் சொல்லத் தெரியும். அந்தப் பையை வைத்து இரண்டு காரியம் செய்யலாம் என்றாள். ஒன்று, அழித்துவிடுவது. இன்னொன்று, ஆராய்ச்சிக்குக் கொடுப்பது.

"என்னைக் கேட்டா ஆராய்ச்சிக்குக் குடுன்னுதான் சொல்லுவேன். சிலரோட செல்லு சண்டை போடுது, சிலரோடது பாதியிலயே ஓஞ்சு போகுது. ஏன்னு யாருக்கும் முழுசாத் தெரியல. சோபானோடது ஓயாத ஜாதி. அதைப் பாத்துத்தான் அடுத்தவனுக்குக் கத்துக்கணும்."

"குடுத்தா என்ன பண்ணுவாங்க?"

"வளர்ப்பாங்க. எலிக்கு நோயைக் குடுத்து, இதை ஏத்திப் பாப்பாங்க."

"வளருமா?"

"வளரும்."

"எதுவரைக்கும்?"

குந்தா யோசித்தாள். "கொஞ்சம் எடுத்து வளர்ப்பாங்க, மிச்சத்தை மறுபடி உறைய வெப்பாங்க. ரொம்ப வருஷம் இருக்கும்."

"அப்ப நான் செத்தப்புறமும் அவரு இங்க இருப்பாரு" என்றாள் உஜ்வலா. மேசையில் கிடந்த சர்க்கரைத் துகள்களை விரலால் ஒதுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நான் ஒண்ணுமே பாக்கல சிஸ்டர். அவரு போகும்போது கதவை மூடிட்டாங்க. சுடுகாட்டுக்குப் பொம்பளை வரக்கூடாதுன்னுட்டாங்க. துணியில சுத்தி ஒரு ஆளைக் காட்டினாங்க. அடுத்து நான் கேட்டது உங்க குரல்தான். உயிரோட இருக்குன்னு. நான் எதைத்தான் நம்பறது?"

குந்தா தம்ளரை இழுத்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள்.

"நாளைக்குக் காலையில வா. உன் முன்னாடியே பண்றேன். நீ தொட வேணாம், நான் பண்ணுவேன். நீ பாத்தா போதும்."

உஜ்வலா தலையாட்டினாள். எழுந்து நின்றவள் கேட்டாள்: "அந்தப் பையோட எல்லாம் முடிஞ்சிடுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சாஸ்வட் பஸ் பிடித்து அவள் நிம்மதியாகப் போயிருப்பாள்.

"இல்ல. சோதனைக்குன்னு ரெண்டு சின்னக் குழாய் எடுத்து வெச்சிருக்கு. அதுலயும் இருக்கு."

"அதுவும் வேணாம்" என்றாள் உஜ்வலா.

*

டாக்டர் பெண்ட்சே குந்தாவின் மகன் வயதுள்ளவர். கெட்டவர் இல்லை, நோயாளி செத்தால் தன் அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்.

"பையை அழிக்கறது அவங்க உரிமை சிஸ்டர், சரி. குழாயை விடுங்க. அது சாம்பிள். வெச்சிருக்கணும்னு விதி இருக்கு."

"ஏத்தின மருந்துக்குத்தான் சாம்பிள் வெக்கணும். ஏத்தவே இல்லையே டாக்டர்."

"அந்த மாதிரி செல் எனக்கு எப்பக் கிடைக்கும்? அடுத்து இதே நோயில ஒருத்தர் வருவாரு. அவருக்கு என்ன பதில் சொல்றது?"

"எனக்கும் அதே எண்ணம்தான். அவகிட்டயும் சொல்லிட்டேன். அவ வேணாங்கறா."

"சொல்லாம இருந்திருக்கலாமே."

"ஒரு தடவை சொல்லக்கூடாத நேரத்துல சொல்லிட்டேன். இப்ப சொல்ல வேண்டியதை மறைக்கச் சொல்றீங்களா?"

பெண்ட்சே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கொஞ்ச நாளாச் சரியில்ல சிஸ்டர். தொட்டி ரூம்ல யார்கிட்டயோ பேசறீங்கன்னு பொண்ணுங்க சொல்றாங்க."

"பேசினேன். பதில் வரல. வந்தா லீவு போட்டுக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தொழிற்சாலைக்கு போன் போட்டு, நீண்ட நேரம் வாதாடிவிட்டு, குழாய்களையும் சேர்த்து அழிக்கக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

*

காலையில் உஜ்வலா தனியாகவே வந்தாள். குந்தா அவளுக்கு மேலங்கியும் முகமூடியும் மாட்டிவிட்டாள். தொட்டியைத் திறந்து, தடித்த கையுறையோடு அந்த இரண்டாம் தட்டிலிருந்து பையையும் குழாய்களையும் எடுத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கினாள். சாகப்போவதுதானே என்று அவசரப்படவில்லை. ஆளுக்கு ஏற்றுவதற்குச் செய்வது போலவே செய்தாள். நடுவில் புளியங்கொட்டை அளவு மிஞ்சியதும் வெளியே எடுத்துத் துடைத்தாள்.

"பேரு சொல்லு."

உஜ்வலா ஒரு கணம் தயங்கினாள். புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. "சோபான் ஏக்நாத் வாக்சவ்ரே" என்றாள்.

குந்தா பையில் இருந்ததை வாசித்தாள். ஒன்றேதான்.

ஒரு துளியை எடுத்து நீலச் சாயத்தோடு கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளினாள். "குனிஞ்சு பாரு. நீலமா இருக்கறது செத்தது. வெளிச்சமா இருக்கறது உயிரோட இருக்கறது."

உஜ்வலா குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"எல்லாம் வெளிச்சமாத்தான் இருக்கு" என்றாள் குனிந்தபடியே. "இதுல எது அவரு?"

"எல்லாமும்தான்."

"நகருதே."

"தண்ணி நகருது. அது இழுத்துட்டுப் போகுது."

உஜ்வலா கண்ணாடிக்கு மிக அருகில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். மராட்டியில் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் வேலைக்குக் கிளம்புகிற ஆளிடம் சொல்வது, போயிட்டு வாங்க என்று. சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "ஊத்துங்க சிஸ்டர்."

குந்தா பையைப் பாத்திரத்தில் கவிழ்த்தாள். குழாய்களையும் கவிழ்த்தாள். சோள வாடை எழுந்தது. ப்ளீச்சை ஊற்றியதும் அது அடங்கி, கண்ணைக் கரிக்கும் நெடி மட்டும் நின்றது. இருவரும் சுவரோரம் நின்று காத்திருந்தார்கள். குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. குந்தா அதைக் காது கொடுத்துக் கேட்டாள். நிற்கவில்லை. மெஷின் அது, எதற்காக நிற்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மறுபடி ஒரு துளி எடுத்து வைத்தாள். உஜ்வலா குனிந்து பார்த்தாள். சக்கரத்தைத் திருப்பச் சொல்லி, இந்த மூலை அந்த மூலை எல்லாம் பார்த்தாள்.

"நீலமாக்கூட ஒண்ணும் இல்லையே. எங்க?"

"கரைஞ்சுடுச்சு."

"எலும்பு கூட இல்ல" என்றாள் உஜ்வலா. அதற்குப் பிறகுதான் அழுதாள், இத்தனை நாள் யாரும் அழவிடாத மாதிரி. குந்தா ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பின்னால் போட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழிவுப் பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரையிட்டாள்.

வெளியே வந்தபோது ஹௌசா மௌஷி ஊழியர் குளியலறையில் வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடு போட்டு வைத்திருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. "கொண்டுபோய் விட்டுட்டு வந்தா குளிக்காம வீட்டுக்குப் போவாங்களா? வா பொண்ணே" என்றாள். உஜ்வலா தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மௌஷியின் புடவையைக் கட்டிக்கொண்டு, ஈரத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்குப் போனாள்.

வாளியில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ உடல்களைத் துடைத்துவிட்டுக் கை மட்டும் கழுவிய குந்தா, அன்றைக்கு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, தலையோடு ஊற்றிக் குளித்தாள்.

நான்காம் அறையில் நிம்பாள்கர் வாத்தியாருக்குக் காய்ச்சல் லேசாகக் கண்டிருந்தது. அணுக்கள் வேலையைத் தொடங்கும்போது காய்ச்சல் வரும். சிலருக்கு அது மூளையையும் குழப்பும். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

"என்ன சிஸ்டர், வேலை நேரத்துல தலைக்குக் குளிச்சிருக்கீங்க? என்ன விசேஷம்?"

"நூறுலேர்ந்து பத்துப் பத்தாக் குறைச்சு எண்ணுங்க" என்றாள் குந்தா.

"கணக்கு வாத்தியார்கிட்டயா?" என்றவர், கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ஈரக்கூந்தலிலிருந்து சட்டைக் காலருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குந்தா அவர் மூச்சை முகர்ந்தாள். சோள வாடை இன்னும் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அவர் பூஜ்யத்துக்கு வந்து சேரும் வரை ஒவ்வொரு எண்ணையும் கவனமாகக் கேட்டாள்.